காய்ச்சலின் குடியிருப்பு

கடலூரிலிருந்து வடலூர் செல்லும் சாலையில் குள்ளஞ்சாவடியைக் கடப்போர், செம்மண்ணில் தழைத்து நிற்கும் முந்திரித் தோப்புகளைப் பார்த்திருப்பார்கள். அத்தோப்புகளில் புதர் வெட்டவும், சருகு கூட்டவும், கொட்டை பொறுக்கவும் செல்லும் ஏழை ஜனங்களை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? மழைக்குப் பின் அவர்களில் ஒருவருக்கு விடாத காய்ச்சல் கண்டால், "டைபாய்டு" என்று பெயரிட்டு, ஓர் ஊசி போட்டு அனுப்பிவிடுவது நமது நாட்டில் சகஜமாயிருக்கிறது. காய்ச்சலுக்குப் பெயரிடுமுன், அதன் கிருமி குடியிருக்கும் இடம் எது என்று விசாரிப்பவர் மிகச் சிலரே. அவ்விசாரணை ஏட்டுப் படிப்பன்று. உயிரைக் காக்கும் காரியம்.

டைபாய்டுக் கிருமிக்கு மனிதனே வீடு. வேறு பிராணி எதுவும் அதற்கு இருப்பிடமாவதில்லை. ஆகையால் சுத்தமான குடிநீரும், ஒழுங்கான கக்கூசும், தடுப்பூசியும் அமைந்துவிட்டால் அது ஒடுங்கும். மற்ற கிருமிகள் அப்படியல்ல.

உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபஸைப் பாருங்கள். புதரிலும் புல்லிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணியின் உடலே அக்கிருமியின் களஞ்சியம். தாயுண்ணியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கு அது பரம்பரைச் சொத்தைப்போல் இறங்குகிறது. அக்குஞ்சு தன் ஆயுளில் ஒரே முறை எலியையோ மற்றொரு பிராணியையோ கடித்து உண்ணும். வழியில் மனிதன் அகப்பட்டால் அவனையும் கடிக்கும். "எலிகளைக் கொன்றுவிட்டால் போதாதோ?" எனச் சிலர் கேட்கலாம். போதாது. எலி உண்ணிக்கு உணவேயன்றிக் கிருமிக்கு மூலஸ்தானம் அன்று.

எலிக்காய்ச்சலின் வரலாறோ வேறு. 1915-ல் ஜப்பானிய வைத்தியர்களான இனாடாவும் இடோவும் இதன் கிருமியைக் கண்டறிந்தார்கள். அந்நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளை வாட்டிய வியாதி அது. எலியின் மூத்திரப்பையை நோக்கி வடியும் சிறுநீரகத்தில், எலிக்கு யாதொரு துன்பமும் செய்யாமல் அக்கிருமி தங்கியிருக்கும். மாடும் நாயும் பன்றியும் அதைச் சுமப்பதுண்டு. அவற்றின் மூத்திரம் கலந்த சேற்றிலும் நீரிலும் புண்பட்ட காலுடன் நிற்பவனை அது பற்றுகிறது. இங்கே எலியை ஒழிப்பதும் மாட்டுக்கொட்டிலைச் சுத்தமாக வைப்பதும் பயன் தரும்.

மூன்றாவது கிருமி மண்ணையே வீடாகக் கொண்டது. மெலியாய்டோசிஸ் என்னும் அந்நோயை 1912-ல் ரங்கூனிலிருந்து உலகுக்கு அறிவித்தவர்கள் விட்மோர் என்ற ஆங்கில வைத்தியரும், அவருடன் உழைத்த சி. எஸ். கிருஷ்ணசாமி என்ற இந்திய வைத்தியரும் ஆவர். முன்னவர் பெயர் நோய்க்கே சூட்டப்பட்டது. பின்னவர் பெயரை நம்மவர்களே மறந்தார்கள். ஈர மண்ணில் வெறுங்காலுடன் உழைக்கும் நீரிழிவுக்காரனுக்கு இந்நோய் பெரும் சத்துரு.

இவற்றில் உண்ணிக் காய்ச்சல் அபூர்வம் என்ற எண்ணம் இனிச் செல்லாது. தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாரும் லண்டன் ஆராய்ச்சியாளரும் நடத்திய ஆராய்ச்சி 2025-ல் வெளியாயிற்று. ஆண்டுதோறும் பத்துப் பேரில் ஒருவர் வரை இக்கிருமியால் தீண்டப்படுவதாக அது கூறுகிறது. பெரும்பாலோர் காய்ச்சலின்றியே தப்புகின்றனர். தப்பாதவர்களுக்கு நுரையீரலும் மூளையும் கெட்டு மரணம் நேரலாம். டைபாய்டு என்று எண்ணிப் போடும் ஊசிமருந்துகள் இக்கிருமியைத் தொடுவதில்லை. டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மருந்து, தக்க சமயத்தில் கொடுத்தால் ஓரிரு நாளில் குணம் காட்டும். நோய் முற்றியவர்களுக்கு அதனுடன் அஸித்ரோமைசினையும் சேர்த்துச் செலுத்துவதே மேல் என்று இந்திய ஆஸ்பத்திரிகளில் நடந்த சோதனை 2023-ல் நிரூபித்தது. ஆகவே, நாம் இழக்கும் உயிர்கள் மருந்தில்லாமல் போவன அல்ல, விசாரிப்பாரில்லாமல் போவன.

செய்ய வேண்டியது யாது? காய்ச்சலுடன் வரும் ஒவ்வொரு கூலியாளின் அக்குளையும், இடுப்பையும், தொடையிடுக்கையும் சோதித்து, சுருட்டுச் சுட்டாற்போன்ற கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அது நோவாது, ஆகையால் நோயாளி தானாகச் சொல்லமாட்டார். அது இல்லை என்பதாலேயே நோய் இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது. "எங்கே வேலை செய்தீர்கள்?" என்ற ஒரு கேள்வியை வைத்தியர் கட்டாயமாகக் கேட்கவேண்டும். தோப்பிலிருந்து திரும்பியதும் குளித்து, உடுப்பை மாற்றவேண்டுமென்பதை ஜனங்களுக்குத் தெளிவாகச் சொல்லவேண்டும். ஆனால் மாற்றுத் துணியும் குளிக்கத் தண்ணீரும் இல்லாதவருக்கு உபதேசம் மட்டும் செய்வது பரிகாசமாகும். அவற்றைக் கொடுக்கும் கடமை தோப்புக்காரரைச் சேர்ந்தது.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. மனிதனுக்கு ஓர் இலாகா, மாட்டுக்கு ஓர் இலாகா, மண்ணுக்கு ஓர் இலாகா என்று நாம் வகுத்திருக்கிறோம். கிருமியோ இம்மூன்று கச்சேரிகளிலும் அனுமதி கேளாமல் நடமாடுகிறது. ஜில்லாதோறும் இம்மூன்று இலாகாக்களும் ஒரே மேஜையில் அமர்ந்து, எந்தக் கிராமத்தில், எந்தப் பிராணியில், எந்த மண்ணில், எந்தக் கிருமி இருக்கிறதென்று கணக்கெடுக்கவேண்டும். நிலத்தின் அடியிலுள்ள பழுப்பு நிலக்கரியை அளந்து கணக்கிட்ட பிரதேசம் இது. அதே நிலத்தின் மேல் உழைப்பவனுடைய உயிரைக் காக்கவும் ஒரு கணக்கு எடுக்கலாகாதா?