எல்லை தாண்டும் டெங்கு: வில்லியனூர், பாகூர் கணக்கு ஏன் தனித்து நிற்காது?

புதுச்சேரியில் விழுப்புரம் பஸ் ஏறினால் வில்லியனூர், அரியூர் வரை புதுச்சேரி. கண்டமங்கலம் தமிழ்நாடு. திருபுவனை, மதகடிப்பட்டு மறுபடியும் புதுச்சேரி. வளவனூர் வந்தால் திரும்பவும் தமிழ்நாடு. ஒரே ரூட்டில் மூன்று முறை எல்லை. தெற்கே பாகூருக்கும் கடலூருக்கும் நடுவிலும் இதே கதைதான்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பது அரிது. அப்படியென்றால் வைரஸை அடுத்த ஊருக்குக் கொண்டுபோவது யார்? பைக்கிலும் பஸ்ஸிலும் போகிற ஆள்தான். இது பகலில் கடிக்கிற கொசு வேறு. கம்பெனியில் கடி வாங்கியவர், பதிவேட்டில் வீட்டு முகவரியோடு ஏறுவார்.

தொற்று பரவும் வேகத்துக்கு 1927-இல் கணித மாதிரி தந்தவர்கள் கெர்மாக், மெக்கென்ட்ரிக். (மெக்கென்ட்ரிக் நம் நாட்டில், கசௌலி பாஸ்டர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்.) அந்த மாதிரியில் ஊர் முழுக்க ஒரே பானை. பக்கத்து ஊரையும் சேர்த்தால் கணக்கு மாறிவிடும்.

ஒரு கற்பனைக் கணக்கு. எல்லையின் இரு பக்கமும் இரண்டு ஊர், ஆளுக்கு 10 நோயாளிகள். ஒரு நோயாளியிடமிருந்து சொந்த ஊரில் சராசரியாக 0.8 பேருக்குத் தொற்றுகிறது. பக்கத்து ஊரில் 0.3 பேருக்கு. தனித்தனியாகப் பார்த்தால் 0.8 என்பது 1-க்குக் கீழே, நோய் தானாக அடங்க வேண்டும். ஆனால் 0.8-உம் 0.3-உம் சேர்ந்தால் 1.1. பத்துச் சுற்றில் ஒவ்வொரு ஊரிலும் 10 பேர் 26 ஆவார்கள்.

ஒரு ஊர் மட்டும் மும்முரமாகக் கொசுப்புழுவை ஒழித்துத் தன் 0.8-ஐ 0.6 ஆக்கினாலும், மொத்த வேகம் 1.01-க்கு மேலேயே நிற்கும். இரண்டு ஊரும் 0.65-க்கு வந்தால் 0.95, பரவல் இறங்கத் தொடங்கும். தனி ஆளாகப் படும் பாட்டைவிட, ஆளுக்குக் கொஞ்சம் குறைவாகச் சேர்ந்து செய்வது பலன் தருகிறது.

2020-இல் கொரோனாவுக்காக எல்லையை மூடியது அந்த 0.3-ஐக் குறைக்கும் வழி. டெங்குவுக்காக வருஷா வருஷம் அதைச் செய்ய முடியுமா? ஜிப்மருக்கு வருபவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் என்ன செய்வார்கள்?

கணக்குப் போட ஆள் இல்லாத ஊரும் இல்லை இது. 1975 முதல் புதுச்சேரியில் இயங்கும் பூச்சிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், நெதர்லாந்தின் எராஸ்மஸ் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து யானைக்கால் நோய்க்குக் கணினி மாதிரியே உருவாக்கியிருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வில்லியனூர், கண்டமங்கலம், பாகூர், கடலூர் காய்ச்சல் எண்ணிக்கை வாராவாரம் ஒரே அட்டவணைக்கு வர வேண்டும். நோயாளி வேலை பார்க்கும் இடத்துக்கும் அதில் ஒரு கட்டம் இருக்கட்டும்.