சிறப்பு வகுப்பில் புத்தகத்தை மூடுங்கள்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்க நெருங்க, விழுப்புரம், திண்டிவனம் வட்டாரப் பள்ளிகளில் சிறப்பு வகுப்புகள் நீண்டுகொண்டே போகும். வகுப்பு முடிந்து பேருந்து நிலையத்துக்கு வந்து, மயிலம் பக்கமோ மரக்காணம் பக்கமோ போகும் டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்து, பிள்ளைகள் வீடு சேர்வதற்குள் இருட்டிவிடுகிறது. இவ்வளவு பாடுபட்ட பிள்ளைக்குத் தேர்வுக்கூடத்தில் பாடம் மறந்துபோனால் அவனைச் சோம்பேறி என்று திட்டுவது அநியாயம். நாம் படிக்கவைக்கும் விதத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அந்த வகுப்பில் நடப்பது என்ன? 'ஒளிவிலகல் விதிகளை எழுதுக' என்று ஒரு கேள்வி. ஒரு மாணவி விடையை உரக்க வாசிக்கிறாள், மற்றவர்கள் பின்பாட்டாகச் சொல்கிறார்கள். பிறகு நோட்டைப் பார்த்து ஐந்து முறை எழுத வேண்டும். மூன்றாவது முறைக்குள் கை மட்டும்தான் எழுதுகிறது, கண் ஜன்னலுக்கு வெளியே போய்விடுகிறது. மறுநாள் கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறாள். ஆசிரியருக்கும் நிம்மதி. இரண்டு மாதம் கழித்து, 'தண்ணீர்த் தொட்டியின் அடிப்பகுதி மேலே எழும்பியதுபோல் தெரிவது ஏன்?' என்று வினாத்தாள் கேட்கிறது. அதே பாடம்தான், ஆனால் பேனா நகர்வதில்லை.

இது ஏன் என்பதற்கு அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் விடை இருக்கிறது. கல்லூரி மாணவர்களில் ஒரு குழு ஒரு பகுதியை நான்கு சுற்றும் படித்தது. இன்னொரு குழு முதல் சுற்றில் மட்டும் படித்து, அடுத்த மூன்று சுற்றிலும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்த குழுவே முன்னே நின்றது: 83 சதவீதம், மற்றக் குழு 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. படித்தவர்களுக்கு 40 சதவீதமே நினைவிருந்தது, நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 61. கவலைக்குரிய செய்தி இன்னொன்றும் உண்டு. தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள், திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான். நம் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் ஏமாற்றுவது அந்த நம்பிக்கையே.

இதை வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை. அந்தக் காலத் திண்ணைப் பள்ளியில் மாலை வீட்டுக்குப் புறப்படும் ஒவ்வொரு பையனுக்கும் ஆசிரியர் ஒரு பூவின் பெயரையோ ஊரின் பெயரையோ சொல்லி அனுப்புவதையும், மறுநாள் அதை அவன் மறக்காமல் சொல்ல வேண்டியிருந்ததையும் உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் பதிவுசெய்திருக்கிறார். ஒரு இரவு இடைவெளி விட்டு, எதையும் பார்க்காமல் நினைவுகூர வைக்கும் பயிற்சி அது. அந்தப் பள்ளியின் பிரம்பு நமக்கு வேண்டாம், இந்தப் பழக்கம் வேண்டும்.

பள்ளி நேரம் மட்டும் போதாது என்பதை அரசு அறியாமலில்லை. கொரோனா கால இழப்பை ஈடுகட்ட வந்த 'இல்லம் தேடிக் கல்வி'யை முதல்வர் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிவைத்ததே மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில்தான். ஆனால், அத்திட்டம் எட்டாம் வகுப்போடு நின்றது. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது சிறப்பு வகுப்பும் கொஸ்டின் பேங்க்கும்தான். இதில் உறக்கமும் குறைகிறது. பகலில் படித்தது மனதில் படிய இரவுத் தூக்கம் தேவை. அதிகாலை நாலு மணிக்கு எழுப்பிவிடும் பெற்றோர் இதை யோசிக்க வேண்டும்.

வீட்டில் படித்தவர்கள் இல்லையே என்பார்கள். உப்பளத்தில் வேலை பார்த்துவிட்டு வரும் அம்மாவுக்கு எழுத்துக்கூடத் தெரியாமல் இருக்கலாம். “இன்னிக்கு என்னப்பா நடத்துனாங்க, புக்கைப் பாக்காம சொல்லு” என்று கேட்க அவரால் முடியும். தெரியாதவருக்குப் புரியும்படி சொல்லத் திணறும் இடத்தில்தான், தனக்கு எது விளங்கவில்லை என்பது பிள்ளைக்கே தெரியவரும்.

விழுப்புரம் மாவட்டக் கல்வி அலுவலர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிறப்பு வகுப்பின் நேரத்தைக் கூட்டாதீர்கள். ஒவ்வொரு வகுப்பிலும் முதல் பத்து நிமிடம், முந்தின நாள் பாடத்திலும் போன வாரப் பாடத்திலும் கேள்வி கேட்டு, புத்தகத்தை மூடி எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் போட வேண்டாம், தப்பை அங்கேயே திருத்தினால் போதும். இதற்கு நிதி ஒதுக்கீடோ அரசாணையோ தேவையில்லை. இந்த அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே தொடங்குங்கள்.