இரண்டு அங்குலம் போதும்

பிக்-அப் வண்டிகள் முன்னால் தாழ்ந்தும் பின்னால் தூக்கியும் நிற்பது வழக்கம். சுமை ஏற்றினால் பின்பக்கம் இறங்கும் என்பதற்காகத்தான் அந்த அமைப்பு. ஆனால் செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் முதலில் இடிபடுவது முன்பம்பர். "வீட்டிலேயே முன்பக்கத்தை உயர்த்தலாமா?" என்று இளைஞர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். உயர்த்தலாம், இரண்டு அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே என் பதில்.

பழைய மிட்சுபிஷி ஸ்டோர்ம் போன்ற வண்டிகளில் டோர்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி இருக்கும். அதன் போல்ட்டை இறுக்கினாலே முன்பக்கம் உயரும். இன்றைய ஹைலக்ஸில் ஸ்ப்ரிங்கும் அப்சார்பரும் ஒன்றாக இருக்கும். அதன் தலைமேல் ஸ்பேசர் வைத்தால் போதும். சக்கரத்தில் கிடைக்கும் உயரம் ஸ்பேசரின் தடிமனைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் ஒரு அங்குல ஸ்பேசரே போதும்.

வீட்டில் செய்பவர்களுக்கு நான் சொல்வது:

சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் இருக்க வேண்டும்.

ஸ்ப்ரிங்கின் நடு நட்டைத் தொடாதீர்கள். அழுத்தி வைத்த ஸ்ப்ரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. பிரித்தாக வேண்டும் என்றால் பட்டறைக்குப் போங்கள்.

பிரேக் ஹோஸிலும் ஏபிஎஸ் ஒயரிலும் பாரம் தொங்கக் கூடாது.

கீழ்க்கையின் புஷ் போல்ட்டுகளை, சக்கரம் தரையில் ஊன்றிய பிறகே முழுதாக இறுக்குங்கள். இல்லாவிட்டால் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

இந்த வேலை ஒரு நாளில் முடிந்துவிடும். ஆனால் அன்றே அலைன்மெண்ட் பார்க்காவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும், ஸ்டீரிங் இழுக்கும். ஹெட்லைட்டையும் இறக்கிச் சரிசெய்யுங்கள். எதிரே வருபவரின் கண் கூசக் கூடாது. சாலைப் போக்குவரத்து இலாகாவிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் முன் ஆக்ஸில் அதிகம் சாய்ந்து ஓடும். அதன் ரப்பர் பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியேறி, சிவி ஜாயின்ட்டே போய்விடும். வளைவுகளில் வண்டியும் கூடுதலாகச் சாயும்.

பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. முன்பக்கம் உயர உயர, பானெட்டுக்கு முன்னால் மறையும் இடமும் கூடும். வாசலில் விளையாடும் மூன்று வயதுப் பிள்ளை அங்கே நின்றால் ஓட்டுநருக்குத் தெரியாது. வண்டியை உயர்த்திய வீட்டில், சாவியைத் திருப்பும் முன் ஒருமுறை முன்னால் சுற்றி வந்து பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.