ஏட்டில் ஏறாத மீன்

தூண்டில் போடுகிறவர்களின் வார்த்தைக்கு உலகமெங்கும் மதிப்புச் சற்றுக் குறைவுதான். கையில் அகப்பட்ட மீனைவிட, நரம்பை அறுத்துக்கொண்டு போன மீன் எப்பொழுதுமே பெரியது. ஒவ்வொரு தடவை சொல்லப்படும்போதும் அது ஒரு சாண் வளரும். ஏரிக்கரையில் மாலை வேளைப் பேச்சைக் கேட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இந்த வாரம் சொல்லப்போவது அதற்கு நேர் எதிரான விருத்தாந்தம். தன் ஜாதியிலேயே அதுவரை எவரும் நிறுத்தறியாத பெரிய மீனைப் பிடித்து, நிறுத்தும் பார்த்துவிட்டு, அந்தப் பெருமை தங்களுக்கு வேண்டாமென்று ஒதுங்கிக்கொண்ட மூன்று சிநேகிதர்களின் கதை இது. மீன் என்றதும் முகம் சுளிக்கும் மரக்கறி நேயர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இக்கதையில் சமையலறைக்குப் போவது ஒரே ஒரு மீன்தான்.

அந்த மீனுக்கு அமெரிக்காவில் பாஸ் என்று பெயர். இப்பெயரில் கடல் மீன்களும் உண்டு. நாம் பேசுவது ஏரிகளிலும் குளங்களிலும் மெதுவாக ஓடும் ஆறுகளிலும் வாழும் அகன்ற வாய் பாஸ். குலத்தில் அதற்கும் நம் விராலுக்கும் உறவு கிடையாது. குணத்தில் மட்டும் இரண்டும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை போலத் தோன்றும். நீர்க்கொடி, வேர், அமிழ்ந்து கிடக்கும் மரம் இவற்றின் நிழலில் ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருக்கும். இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் ஒரே பாய்ச்சல். ஆனால் கடிப்பதில்லை. வாயையும் செவுளையும் ஒரே கணத்தில் விரித்து, தண்ணீரோடு சேர்த்து இரையை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. பிடிக்கவில்லையென்றால் அதே வேகத்தில் துப்பியும் விடுகிறது. ஆகையால் பாஸ் பிடிப்பவனுடைய சாமர்த்தியமெல்லாம், நரம்பு அரை அங்குலம் பக்கவாட்டில் நகர்வதைக் கண்டுகொண்டு, துப்புவதற்குமுன் முள்ளைச் சுண்டிவிடுவதில்தான் இருக்கிறது. மாட்டிய பிறகும் நிம்மதி இல்லை. மீன் தண்ணீருக்கு மேலே துள்ளித் தலையை உதறி முள்ளை எறிந்துவிடப் பார்க்கும். அது மேலே வரும் சமயம் கோலின் நுனியைத் தண்ணீரோடு தாழ்த்திப் பிடிப்பது அனுபவசாலிகளின் வழக்கம். கரைக்கு வந்ததும் கட்டை விரலை வாய்க்குள் விட்டுக் கீழ்த் தாடையைப் பற்றித் தூக்குகிறார்கள். பற்கள் உப்புத்தாளைப்போல் சொரசொரப்பாக இருக்குமேயன்றிக் கடிக்காது. பெரிய மீனாக இருந்தால் மற்றொரு கையால் வயிற்றையும் தாங்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் பாரமே தாடையைப் பிசகச் செய்துவிடும்.

இரண்டு மூன்று ராத்தல் பாஸ் அகப்பட்டால் அங்கே ஒரு நல்ல மாலைப்பொழுது. பத்து ராத்தல் பலருக்கு வாழ்நாளில் ஒரு முறை கூடக் கிட்டுவதில்லை. இருபதைத் தாண்டியவை மிகச் சிலவே. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த சங்கதியைக் கேட்க வேண்டும்.

1932-ஆம் வருஷம் ஜூன் 2-ஆம் தேதி. அமெரிக்கா முழுவதும் தொழில் முடங்கிப் பஞ்சத்தில் தவித்த காலம். தென்பகுதியில் ஜார்ஜியா மாகாணத்தில் ஜார்ஜ் பெரி என்னும் இருபது வயது விவசாயி இருந்தார். தகப்பனார் முந்திய வருஷம் காலமாகி, குடும்ப பாரம் அவர் தோளில் ஏறியிருந்தது. அன்று மழை, வயலில் இறங்க முடியவில்லை. ஜாக் பேஜ் என்ற சிநேகிதருடன் மாண்ட்கோமரி ஏரிக்குப் போனார். ஆக்மல்கி ஆறு பழைய வளைவைக் கைவிட்டுவிட்டு ஒதுங்கியதால் உண்டான தேங்கல் அது. வேண்டாத பலகைகளைக் கொண்டு சொந்தமாகச் செய்த படகு. இருவருக்கும் சேர்த்து ஒரே தூண்டில் கோல். சிறு மீனைப்போல் செய்த ஒரே ஒரு பொய்யிரை. அதை வீசி இழுத்தபோது ஏதோ அடிமரத்தில் மாட்டிக்கொண்டது என்று பெரி நினைத்தார். இருக்கிற ஒரே இரையும் போயிற்றே என்று கவலைப்பட்டிருக்க வேண்டும். அப்போது அந்த அடிமரம் நகரத் தொடங்கியது.

மேலே வந்த மீனைப் பார்த்து அவர் எண்ணிய முதல் எண்ணம், வீட்டில் எல்லாருக்கும் வயிறாரச் சாப்பாடு என்பதே. வழியில் ஹெலினா என்ற சிற்றூரில் நிறுத்துப் பார்த்தார்கள். 22 ராத்தல் 4 அவுன்ஸ் இருந்தது. நம் கணக்கில் பத்துக் கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். நீளம் 32½ அங்குலம், சுற்றளவு 28½ அங்குலம். அங்கே இருந்த யாரோ பீல்டு அண்டு ஸ்ட்ரீம் பத்திரிகை நடத்தும் போட்டியைப் பற்றிச் சொல்ல, விவரங்களை எழுதி அனுப்பி வைத்தார். சுமார் 75 டாலர் பெறுமானமுள்ள சாமான்கள் பரிசாக வந்தன. மீனோ அதற்கு வெகு முன்பே குடும்பத்தின் இரண்டு வேளைச் சாப்பாடாக முடிந்துவிட்டது.

சாட்சியத்தையே சமைத்துச் சாப்பிட்டுவிட்டார் அல்லவா? நம்பத்தக்க புகைப்படமும் கிடையாது. கடைத் தராசுதான் பிரமாணம். எனவே, பெரி சொன்னது உண்மைதானா என்று பிற்காலத்தில் எத்தனையோ பேர் ஆராய்ந்து சலித்தார்கள். என் அபிப்பிராயம் அவருக்குச் சாதகமானது. பொய் சொல்ல நினைத்தவன் முதலில் மீனைப் பத்திரப்படுத்துவான். அல்லது கண்டவரிடமெல்லாம் அதைப் பற்றிப் பிரஸ்தாபித்துக்கொண்டிருப்பான். பெரி இரண்டும் செய்யவில்லை. 1934-இல் அதே போட்டிக்கு 13 ராத்தல் 14 அவுன்ஸ் மீன் ஒன்றை அனுப்பி மறுபடியும் பரிசு பெற்றார். பிறகு விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு வேறு வழியில் போய்விட்டார். 1974-இல் விமான விபத்தில் இறந்தார். அவர் நிறுத்த மீனை மிஞ்சுவதற்கு எழுபது வருஷங்களுக்கு மேல் யாராலும் முடியவில்லை.

இதற்குள் பாஸ் பிடிப்பது பெரிய வியாபாரமாகிவிட்டது. 1960-களின் கடைசியில் பந்தயங்கள் கிளம்பின. பரிசுப் பணம் ஏறிற்று. பணம் ஏறிய இடத்தில் ஈயக் குண்டும் ஏறும். 2022-இல் ஈரி ஏரியில் வேறொரு வகை மீனுக்கு நடந்த பந்தயத்தில், இருவர் கொண்டுவந்த மீன்களின் வயிற்றைக் கீறிப் பார்த்தபோது உள்ளே ஈயக் குண்டுகள் இருந்தன. கனம் கூட்டும் வித்தை! அவர்கள் நீதிமன்றம் ஏறித் தண்டனை பெற்றது வரை பத்திரிகைகளில் வந்தது. பெரியின் ரிக்கார்டை முறியடிப்பவனுக்கு விளம்பரக் கம்பெனிகள் மூலம் பத்து லட்சம் டாலர் வரை கிடைக்கலாம் என்றும் வெகு நாளாகப் பேச்சு இருந்து வந்தது.

அந்த அதிருஷ்டத்தைத் தேடி ஜனங்கள் ஜார்ஜியாவுக்குப் போகவில்லை. மேற்கே கலிபோர்னியாவுக்குப் போனார்கள். பிளாரிடாவில் வாழும் பாஸ் மற்ற இடத்துப் பாஸைவிடப் பெரிதாக வளரக்கூடியது. 1959-இல் அதைச் சான் டியேகோ நகரத்தின் நீர்த்தேக்கங்களில் கொண்டுவந்து விட்டார்கள். குடிதண்ணீருக்காகக் கட்டப்பட்ட சிறு ஏரிகள் அவை. குளிர்காலந்தோறும், தூண்டில்காரர்களின் பொழுதுபோக்குக்காக, அதே ஏரிகளில் டிரௌட் மீன்களையும் லாரி லாரியாகக் கொட்டுவது வழக்கம். கொழுத்த டிரௌட் தேடாமலே வாய்க்கு வந்தால் பாஸ் என்ன செய்யும்? ஊதிப் பெருத்தது. இதைக் கண்ட கெட்டிக்காரர்கள் சாண் நீளத்துக்கும் மேற்பட்ட ரப்பர் டிரௌட்டுகளைச் செய்து, வாலை ஆட்டி நீந்தும்படி இழுத்தார்கள். பார்க்கிறவர்கள் முதலில் நகைத்தார்கள். அகப்பட்ட மீனைப் பார்த்ததும் தாங்களும் ஒன்று வாங்கப் போனார்கள்.

மற்றொரு யுக்தியும் உண்டு. வசந்த காலத்தில் தண்ணீர் சற்றுச் சூடேறியதும் ஆண் பாஸ் கரையோரம் ஆழமில்லாத இடத்தில் வாலால் மண்ணைத் துழாவிக் கூடு அமைக்கும். பெண் வந்து முட்டையிட்டுச் சென்றுவிடும். முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் ஆண்தான். பெரிய பாஸ்கள் பெண்ணினமே. ஆகவே ஆழத்தில் மறைந்து வாழும் அந்தப் பெருமீன்கள் தெளிந்த நீரில் கண்ணுக்குத் தெரியும்படி வருவது இந்தச் சில நாட்களில் மட்டுந்தான். கூட்டின்மேல் பொய்யிரையைப் போட்டு ஆட்டிக்கொண்டே இருந்தால், பசிக்காக இல்லாவிட்டாலும், வேண்டாத விருந்தாளியை அப்புறப்படுத்துவதற்காகவாவது மீன் அதை வாயால் எடுக்கும். அந்தக் கணத்துக்காக மணிக்கணக்கில், நாள்கணக்கில் காத்திருப்பார்கள். பொறுமை வேண்டும், சந்தேகமில்லை. எனக்கு மட்டும் இந்த முறை ரசிக்கவில்லை. செந்நிறப் பந்துபோல் திரளும் குஞ்சுகளோடு நிற்கும் தாய் தந்தை விராலைப் பிடித்துவிட்டால், மற்ற மீன்கள் அந்தக் குஞ்சுகளை என்ன செய்யும் என்பது நம் கிராமத்துப் பையன்களுக்கும் தெரியும். ஆனால் அங்கே சட்டம் இதைத் தடுக்கவில்லை. பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுவதே வழக்கம் என்றும் சமாதானம் சொல்கிறார்கள்.

சான் டியேகோவுக்கு வடக்கே எஸ்காண்டிடோ என்ற ஊரில் டிக்ஸன் ஏரி இருக்கிறது. ஒரு நாளில் சுற்றி நடந்துவிடக்கூடிய சிறு ஏரி. அதில் ஒரு பெண் பாஸ். செவுளுக்கு அருகே கறுப்பு மறு ஒன்று இருந்ததால் அதை அடையாளம் சொல்ல முடிந்தது. 2001-இல் ஒருவர் பிடித்து நிறுத்தபோது 20 ராத்தல் 12 அவுன்ஸ். திரும்ப விட்டார். 2003-இல் வேறொருவர் பிடித்தபோது 21 ராத்தல் 11 அவுன்ஸ். அவரும் விட்டார். அந்த இரண்டாம் மனிதரும் அவருடைய பால்ய சிநேகிதர் இருவரும் அதற்குப் பிறகு இந்த மீனுக்காகவே வருஷக்கணக்கில் அந்த ஏரியைச் சுற்றினார்கள்.

2006 மார்ச் 20-ஆம் தேதி கூட்டின் மேல் அதைக் கண்டார்கள். மூவரில் ஒருவர் வெள்ளைக் குஞ்சம் கட்டிய ஈயத் தலைத் தூண்டிலைக் கூட்டில் இறக்கினார். மீன் திரும்பியது, சுண்டினார், மாட்டிக்கொண்டது. படகருகே கொண்டுவந்து வலையில் ஏந்தியபோதுதான் தெரிந்தது, முள் ஏறியிருந்தது வாயில் அல்ல, வெளியே உடம்பில் என்று.

கைத்தராசில் மாட்டினார்கள். 25 ராத்தல் 1 அவுன்ஸ். பெரியின் மீனைவிட ஏறக்குறைய மூன்று ராத்தல் கூடுதல்.

அந்த நிமிஷத்தில் அவர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வருஷக்கணக்கில் தேடியது கையில் துடிக்கிறது. புகழ், பணம் எல்லாம் ஒரு முள் ஏறிய இடத்தைப் பொறுத்து நிற்கிறது. ஆனால் வாய்க்கு வெளியே மாட்டிய மீனை வைத்துக்கொள்ளக் கூடாது, விட்டுவிட வேண்டும் என்பது கலிபோர்னியாவின் சட்டம். அவசர அவசரமாகப் படம் எடுத்தார்கள். மீனைத் தண்ணீரில் விட்டார்கள். முள் எங்கே ஏறியிருந்தது என்பதையும் அவர்களே வெளியே சொன்னார்கள். செய்தி நாடெங்கும் பரவியது. ரிக்கார்டுக்கு விண்ணப்பம் போடுங்கள் என்றவர்கள் உண்டு. வேண்டாம் என்றவர்களும் உண்டு. சில நாட்கள் யோசித்துவிட்டு, விண்ணப்பிப்பதில்லை என்று தீர்மானித்தார்கள்.

இதில் குறை காண்கிறவர்கள் சொல்வதையும் மறைப்பதற்கில்லை. நீளமும் சுற்றளவும் அளக்கவில்லை. முத்திரையிட்ட தராசும் இல்லை. விண்ணப்பித்திருந்தாலும் ஏற்றுக்கொண்டிருப்பார்களோ மாட்டார்களோ! அப்படியிருக்க, விட்டுக்கொடுத்ததில் என்ன பெருமை என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் முள் வாயிலேதான் இருந்தது என்று மூவரும் ஒரே குரலில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுத்துக் கூற அங்கே யார் இருந்தார்கள்? மீனுக்குப் பேச்சு வராது. அந்த ஒரு வார்த்தையை அவர்கள் சொல்லாததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

2008 மே மாதத்தில் அந்த மீன் டிக்ஸன் ஏரியில் செத்து மிதந்தது. கறுப்பு மறுவைக் கொண்டு அடையாளம் கண்டார்கள். அப்போது எடை சுமார் 19 ராத்தல்.

அடுத்த வருஷமே ஜப்பானிலிருந்து செய்தி வந்தது. 2009 ஜூலை 2-ஆம் தேதி பிவா ஏரியில் மனாபு குரிட்டா என்பவர் 22 ராத்தல் 4.97 அவுன்ஸ் பாஸ் ஒன்றைப் பிடித்தார். பெரியின் மீனுக்கு ஓர் அவுன்ஸ் கூட அதிகமில்லை. இரண்டு அவுன்ஸாவது மிஞ்ச வேண்டும் என்பது சர்வதேசச் சங்கத்தின் விதியாதலால், பல மாத விசாரணைக்குப் பிறகு 2010-இல் இரண்டையும் சமம் என்று ஏட்டில் எழுதினார்கள். விசாரணையில் குரிட்டா பொய் கண்டுபிடிக்கும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து தேறவும் வேண்டியிருந்தது. பெரியின் காலத்தில் ஊர்க்கடைத் தராசே போதுமாயிருந்தது.

ஜப்பானியருக்கு இந்த ரிக்கார்டில் சந்தோஷம் பாதிதான். பாஸ் அந்த நாட்டு மீன் அன்று. 1925-இல் அமெரிக்காவிலிருந்து ஆஷி ஏரிக்குக் கொண்டுவரப்பட்டது. குரிட்டா இரையாக வைத்த புளூகில் மீனும் 1960-இல் அங்கிருந்து வந்ததே. அமெரிக்கா சென்ற பட்டத்து இளவரசர் அகிஹிட்டோவுக்குச் சிக்காகோ நகரத்தில் அளித்த வெகுமதி அது. பிற்காலத்தில் சக்கரவர்த்தியான பின், 2007-இல், அதைக் கொண்டுவந்ததற்காக அவர் பகிரங்கமாகவே வருத்தம் தெரிவித்தார். 1952-இல் நம் நாட்டுக்கு வந்த ஜிலேபிக் கெண்டை குளங்களில் என்ன செய்தது என்று அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. பிவா ஏரிக்கே உரிய சிறு மீன்களை இவ்விரண்டு விருந்தாளிகளும் தின்று தீர்ப்பதால், பிடித்த பாஸையும் புளூகில்லையும் மறுபடி ஏரியில் விடக்கூடாது என்று ஷிகா மாகாணம் 2003 முதல் விதித்தது. டிக்ஸன் ஏரியில் சட்டம் விடச் சொல்கிறது. பிவா ஏரியில் விடாதே என்கிறது. விடாமல் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்காக, பிவாவின் கரையோரம் அந்த மீன்களைப் போடுவதற்கென்றே தொட்டிகள் வைத்தார்கள்.