பிணத்துக்கு ஒட்டிய தாடி

வார்சா நகரின் கடைத்தெரு. 1939 ஆகஸ்ட் மாதம். போர் வெடிக்க இன்னும் சில நாட்கள்தான். நடந்துகொண்டிருந்தவர்கள் அப்படியப்படியே நின்றுவிடுகிறார்கள். இறைச்சிக் கடையின் கண்ணாடிக்கு எதிரே, துணைக்கு ஓர் ஆள்கூட இல்லாமல், ஹிட்லர் நின்றுகொண்டிருக்கிறார். அவர்தான் மாமிசம் தொடமாட்டாரே, அங்கே என்ன பார்வை என்று பின்னணிக் குரல் கேட்கிறது. விரதம் அவ்வப்போது கலைவதுண்டு, சில சமயம் முழு நாடுகளையே விழுங்கிவிடுவார் என்று அதுவே பதிலும் சொல்லிக்கொள்கிறது.

நின்றுகொண்டிருப்பவர் பிரான்ஸ்கி. உள்ளூர் நாடகக் குழுவில் ஈட்டி பிடித்து நிற்கும் சேவகன் வேஷம் கட்டுகிறவர். 'கெஸ்டாபோ' என்ற புது நாடகத்தில் அவருக்கு ஹிட்லர் வேஷம் வாய்த்திருக்கிறது. ஒத்திகையில் இயக்குநருக்குத் திருப்தி இல்லை. சின்ன மீசை வைத்த யாரோ ஓர் ஆள் மாதிரிதான் இருக்கிறது என்கிறார். ஹிட்லரும் அவ்வளவுதானே என்கிறார் ஒப்பனைக்காரர். சுவரில் மாட்டியிருக்கும் ஹிட்லர் படத்தைக் காட்டி, முகம் இப்படி இருக்கவேண்டும் என்கிறார் இயக்குநர். அந்தப் படமே என்னை வைத்து எடுத்ததுதான் என்கிறார் பிரான்ஸ்கி. ரோஷம் தாங்காமல் வேஷத்தோடு தெருவில் இறங்குகிறார். ஊரே நம்பிவிடுகிறது. கூட்டத்திலிருந்து ஒரு சிறுமி வந்து, "பிரான்ஸ்கி சார், ஒரு கையெழுத்து" என்று கேட்கும்வரை.

எர்ன்ஸ்ட் லுபிட்ஷ் இயக்கி 1942-இல் வெளிவந்த 'டு பி ஆர் நாட் டு பி' இப்படித் தொடங்குகிறது. போர்க்கால நகைச்சுவைப் படம் என்றால் நம் நினைவுக்கு முதலில் வருவது சாப்ளினின் 'தி கிரேட் டிக்டேட்டர்'தான். அது நியாயமும்கூட. ஆனால் ஒரு கொடுங்கோல் ஆட்சி உள்ளுக்குள் எப்படி இயங்குகிறது என்பதைச் சிரிப்பின் வழியாகப் பிரித்துக் காட்டியதில் லுபிட்ஷின் படம் ஒரு படி மேலே போகிறது என்பது என் கட்சி. சாப்ளின் கேலி செய்தது சர்வாதிகாரியை. லுபிட்ஷ் கேலி செய்தது, அவருக்குக் கீழே விறைப்பாக நின்று கைதூக்கும் அத்தனை பேரையும்.

கதை எளிதில் சொல்லி முடிகிற கதையல்ல. ஹிட்லரின் மனம் புண்படக்கூடும் என்று போலந்து அரசே நாடகத்தைத் தடை செய்கிறது. (இது வெறும் கற்பனையல்ல. 1933 முதல் லாஸ் ஏஞ்சலிஸில் ஜெர்மன் துணைத் தூதராக இருந்த கேயோர்க் கிஸ்லிங், பிடிக்காத காட்சிகளை வெட்டச் சொல்லி ஹாலிவுட் ஸ்டூடியோக்களை நெருக்கிக்கொண்டிருந்தார். ஜெர்மன் சந்தையை இழக்க மனமில்லாத முதலாளிகள் பலமுறை வளைந்துகொடுத்தார்கள்.) பிறகு குண்டுகள் விழுகின்றன, நகரம் பிடிபடுகிறது. தலைமறைவு இயக்கத்தின் பெயர்ப் பட்டியலோடு வரும் உளவாளி ஒருவனைத் தடுக்க, அரங்கேறாத அந்த நாடகத்தின் சீருடைகளையே மாட்டிக்கொண்டு கிளம்புகிறது குழு. அதன் ராஜபார்ட் யோசப் டூரா. அந்த வேஷத்தில் ஜாக் பென்னி. மனைவி மரியாவாக கரோல் லொம்பார்ட்.

டூராவுக்கு நாடு போன கவலையைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. அவர் ஹாம்லெட்டின் புகழ்பெற்ற வசனத்தைத் தொடங்கும்போதெல்லாம் முன்வரிசையில் ஓர் இளம் விமானி எழுந்து வெளியே போகிறான். அவன் போவது மேக்கப் அறையில் இருக்கும் மரியாவைப் பார்க்க என்பது நமக்குத் தெரியும். டூராவை உறுத்துவதோ நடிப்புக்கு நேர்ந்த அவமானம். தன்மோகம் இப்படி எல்லாப் பக்கமும் விரவிக் கிடப்பதால்தான் படம் பிரசாரமாகச் சரியவில்லை. நல்லவர்களும் இங்கே கைத்தட்டலுக்கு ஏங்குகிறவர்கள்தான். லண்டன் விமானப்படைக் காட்சிகளில் மட்டும் இந்த உயிர் இல்லை. எந்தப் போர்ப் படத்திலிருந்தும் எடுத்து ஒட்டியிருக்கலாம்.

படத்தின் உச்சம் ஒரு பிணத்தோடு நடக்கிறது. உளவாளி சிலெட்ஸ்கி கொல்லப்பட்ட பிறகு, அவனைப் போலத் தாடி ஒட்டிக்கொண்டு கெஸ்டாபோ அலுவலகத்துக்குப் போகிறார் டூரா. அதற்குள் அசல் சிலெட்ஸ்கியின் உடல் அகப்பட்டுவிடுகிறது. அந்த அலுவலகத்தின் தலைவர் கர்னல் ஏர்ஹார்ட் வாய் திறந்து எதுவும் கேட்பதில்லை. பிணம் கிடக்கும் அறையிலேயே டூராவை உட்காரவைத்து, பதறட்டும் என்று காத்திருக்கிறார். பையில் மாற்றுத்தாடி ஒன்று இருக்கிறது. அறையில் சவரக் கத்தியும் இருக்கிறது. டூரா பிணத்துக்குச் சவரம் செய்து, அதன் முகத்தில் ஒட்டுத்தாடியை ஒட்டிவிடுகிறார். பிறகு கர்னலைத் தாடியை இழுத்துப் பார்க்கத் தூண்டுகிறார். கையோடு வந்துவிடுகிறது தாடி. அசல் ஆள் போலியாகிவிட்டார், போலி அசலாகிவிட்டார். கர்னல் மன்னிப்புக் கேட்கிறார்.

சிரித்து முடித்த பிறகுதான் அந்தக் காட்சியின் கூர்மை தைக்கிறது. அந்த ஆட்சியில் உண்மை என்பது மேலதிகாரி எதை நம்புகிறார் என்பது மட்டும். ஏர்ஹார்ட் ஒவ்வொரு முறை தவறு செய்யும்போதும் "ஷூல்ட்ஸ்!" என்று உதவியாளரை அழைத்துப் பழியை இறக்கிவைக்கிறார். ஹிட்லரைப் பற்றி ஒரு துணுக்கைக் கேட்டுச் சிரித்தால், சிரித்த வாய் மூடுவதற்குள் பயத்தில் எழுந்து நின்று கைதூக்குகிறார். கடைசியில் ஹிட்லர் வேஷத்தில் இருக்கும் பிரான்ஸ்கி விமானத்தில் வைத்துக் குதி என்றதும் இரண்டு ஜெர்மன் விமானிகள் கேள்வியே கேட்காமல் வெட்டவெளியில் குதிக்கிறார்கள். வெறும் துணைநடிகர் ஒருவரால் அந்த ஆட்சியை ஆட்டிவைக்க முடிந்ததற்குக் காரணம் அவருடைய திறமை அல்ல. மீசைக்கும் சீருடைக்கும் கீழ்ப்படியும்படி எல்லாரும் பழக்கப்பட்டிருந்தார்கள்.

இந்தப் படத்தை அமெரிக்கா உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த 1941 டிசம்பரில்தான் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டு அந்நாடு போருக்குள் வந்தது. போர்ப் பத்திரம் விற்கும் பயணத்தை முடித்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த லொம்பார்ட், 1942 ஜனவரி 16 அன்று லாஸ் வேகாஸ் அருகே விமான விபத்தில் இறந்தார், வயது 33. விமானத்தில் என்ன நடந்துவிடப் போகிறது என்ற பொருளில் அவர் பேசிய ஒரு வரியைப் படத்திலிருந்து வெட்ட வேண்டியதாயிற்று. துக்கத்தோடு அரங்குக்கு வந்தவர்களை ஒரு வசனம் கொதிக்கவைத்தது. டூராவின் நடிப்பைப் பார்த்ததை நினைவுகூரும் ஏர்ஹார்ட், அவர் ஷேக்ஸ்பியருக்குச் செய்ததைத்தான் நாம் இப்போது போலந்துக்குச் செய்துகொண்டிருக்கிறோம் என்கிறார். வெளியீட்டுக்கு முன்பே மனைவியும் நண்பர்களும் அந்த வரியை எடுத்துவிடச் சொன்னார்கள். லுபிட்ஷ் மறுத்தார். 'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர் பாஸ்லி கிரவுதர் படத்தைச் சாடினார். பெர்லினில் பிறந்த இயக்குநருக்கு வார்சாவின் அழிவு வேடிக்கையாகப் போயிற்றா என்ற தொனியிலும் எழுதினார்கள்.

அந்தக் கேள்வியில் ஓர் அநீதி இருந்தது. லுபிட்ஷ் பெர்லினில் 1892-இல் யூதத் தையற்காரர் குடும்பத்தில் பிறந்தவர். 1922-லேயே ஹாலிவுட்டுக்கு வந்துவிட்டார். 1935-இல் நாஜி அரசு அவருடைய குடியுரிமையைப் பறித்தது. 1940-இல் வெளியான யூத வெறுப்புப் பிரசாரப் படத்தில் அவர் முகத்தையே காட்டி இழிவு செய்தது. அவர் சொன்ன பதிலின் சாரம் இது: என் படத்து நாஜிகள் சாட்டையும் கையுமாக நிற்பதில்லை. அடித்து உதைப்பது அவர்களுக்கு அன்றாட அலுவலாகிவிட்டது. கடைக்காரர் வியாபாரத்தைப் பேசுவதுபோல அவர்கள் சித்திரவதையைப் பேசுகிறார்கள், அதை வைத்துத் தமாஷும் செய்கிறார்கள்.

அதாவது அந்த வசனம் போலந்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டுத் தானே ரசித்துக்கொள்ளும் ஏர்ஹார்டைத்தான் நம் முன் நிறுத்துகிறது. தன்னை வதைமுகாம் ஏர்ஹார்ட் என்று ஊர் அழைக்கிறது என்று கேட்டதும் அவர் பூரிப்பதைப் பாருங்கள். பட்டம் கிடைத்த மகிழ்ச்சி. லொம்பார்ட் இறந்த நான்காம் நாள், ஜனவரி 20 அன்று, பெர்லின் புறநகரான வான்சேயில் ஒரு மாளிகையில் 15 அதிகாரிகள் கூடி யூதர்களைக் கொன்றொழிப்பதை ஒருங்கிணைப்பது பற்றி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். கூட்டம் முடிந்து பிராந்தி அருந்தியதை, அதில் கலந்துகொண்ட நாஜி அதிகாரி ஐக்மன் பின்னர் ஜெருசலேம் நீதிமன்றத்தில் சொன்னார். லுபிட்ஷுக்கு இது தெரிந்திருக்க வழியே இல்லை. ஆனால் அந்த அறையின் தொனி எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சாப்ளின் 1964-இல் வெளிவந்த தன் சுயசரிதையில், முகாம்களில் நடந்த கொடுமை முழுதும் தெரிந்திருந்தால் 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தை எடுத்திருக்க முடியாது என்று எழுதினார். நேர்மையான வார்த்தை. அவருடைய படமே முடிவில் நகைச்சுவையைக் கைவிட்டு நேராக நம்மைப் பார்த்து நெடிய உரை நிகழ்த்துகிறது. சிரிப்பு போதவில்லை என்ற உணர்வு அவருக்கு அப்போதே இருந்திருக்கிறது. லுபிட்ஷ் அந்த மேடையில் ஏறுவதில்லை. அவரிடம் அதற்குப் பதிலாக கிரீன்பெர்க் இருக்கிறார். இவரும் ஈட்டி பிடிக்கும் நடிகர்தான். ஒருநாளாவது ஷைலாக் வேஷம் கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. எங்களுக்கும் உடலும் வலியும் இல்லையா என்று ஷைலாக் கேட்கும் அந்த வசனத்தை அவர் மூன்று முறை சொல்கிறார்: மேடைக்குப் பின்னால் ஆசையோடு, இடிந்த நகரத்தின் பனியில் துயரத்தோடு, கடைசியில் நாஜி வீரர்கள் சூழ, போலி ஹிட்லரின் எதிரே, உயிரைப் பணயம் வைத்து. மூன்று முறையும் 'யூதர்' என்ற சொல் மட்டும் விடப்பட்டிருக்கிறது. அந்த வேஷத்தைச் செய்த ஃபெலிக்ஸ் பிரெஸ்ஸார்ட், நாஜிகளால் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூத நடிகர்.

நடிகர்களும் உளவும் என்ற கற்பனை மிகை என்று தோன்றினால், நிஜ வார்சாவில் நடந்ததைக் கேளுங்கள். ஈகோ ஸிம் என்பவர் போலந்தின் மௌனப்பட நட்சத்திரம். ஆக்கிரமிப்புக் காலத்தில் அவர் ஜெர்மானியர் அனுமதித்த நாடக அரங்கை நடத்தியபடி கெஸ்டாபோவுக்கு உளவு சொன்னார். 1941 மார்ச் 7 அன்று தலைமறைவு இயக்கத்தினர் அவரைச் சுட்டுக்கொன்றார்கள். பழிவாங்கலில் பிணையாளிகள் கொல்லப்பட்டனர். பெரும் நடிகர் ஸ்டெஃபான் யாராச்சும் இயக்குநர் லியோன் ஷில்லரும் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே எந்தத் தாடியும் கையோடு வரவில்லை.

ஜாக் பென்னியின் அப்பா, போலந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய யூதர். மகனின் படம் என்று ஆவலோடு போனவர், முதல் சில நிமிடங்களிலேயே மகன் நாஜி சீருடையில் வருவதைப் பார்த்து எழுந்து வெளியேறிவிட்டார். மகனோடு பேச்சையும் நிறுத்திக்கொண்டார். அப்பா, அது வேஷம், நான் அவர்களுக்கு எதிராகத்தான் நடித்திருக்கிறேன், இன்னொரு தடவை உட்கார்ந்து பாருங்கள் என்று பென்னி மன்றாடவேண்டியிருந்தது. கிழவர் மறுபடி போனார். இந்த முறை எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு அந்தப் படத்தை அவர் பல தடவை பார்த்ததாக மகனே சொல்லியிருக்கிறார்.