கிற்றாருக்கு எதற்குக் கோட்டும் சூட்டும்?

நான்கு பேர் வாசித்த கிற்றார் இசையை நாற்பது வயலின்களிடம் ஒப்படைத்துவிட்டு, அதை ‘உயர்த்திவிட்டோம்’ என்று மார்தட்டுவோர் இருக்கிறார்கள். நான் எதிர்ப்பது அந்தச் சொல்லைத்தான். உயர்த்துவதற்கு அந்த இசை எங்கே தாழ்ந்து கிடந்தது?

மறுவாசிப்பே கூடாது என்பது என் வாதமன்று. பிரித்தானியாவின் ஷடோஸ் குழுவுக்கு 1960இல் புகழ் தேடித்தந்த ‘அப்பாச்சே’, ஜெரி லோர்டன் இயற்றியது. அதை முதலில் ஒலிப்பதிவு செய்தவர் பேர்ட் வீடன். அதே ஆண்டில் அமெரிக்காவின் வென்ச்சர்ஸ் வெற்றிகண்ட ‘வோக், டோன்ட் ரன்’, ஜாஸ் கலைஞர் ஜொனி ஸ்மித்தின் ஆக்கம். நாம் மூலம் என்று போற்றுபவையே மறுவாசிப்புகள்தாம்! 1973இல் இன்கிரெடிபிள் பொங்கோ பான்ட், ‘அப்பாச்சே’யின் தாளத்தை முன்னுக்குக் கொண்டுவந்தது. அந்தத் தாளத்தின் மீது நியூயோர்க் இளைஞர்கள் ஹிப் ஹொப்பை வளர்த்தார்கள். இதுவல்லவா மறுவாசிப்பு?

வயலின் கூட்டத்தின் கதை வேறு. கிற்றார் நரம்பைச் சுண்டியதுமே ஒலி தேயத் தொடங்கிவிடும். ஷடோஸின் ஹாங்க் மார்வின் அந்தத் தேய்வையே எதிரொலிக் கருவியைக் கொண்டு அழகாக்கினார். ஒலிக்கும் ஒலிக்கும் இடையே விட்ட வெளியும் அவருடைய இசைதான். வயலினோ வில் ஓடும்வரை ஒலிக்கும். அது அந்த வெளியை நிரப்பிவிட்டால் மெட்டு மிஞ்சும், இசை போய்விடும்.

வயலின் தீண்டத்தகாதது என்றும் நான் சொல்லவில்லை. 1962இல் ‘வொண்டர்ஃபுல் லாண்ட்’ இசைத்தட்டுக்கு நொரி பரமோர் வயலின்களைச் சேர்த்தார். அவை கிற்றாருக்குப் பின்னால் அடக்கமாக நின்றன. அந்த இசைத்தட்டு பிரித்தானியாவில் 8 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

கந்தளாயில் இருந்துகொண்டு இதை ஏன் எழுதவேண்டும் என்று கேட்பீர்கள். சிங்களமும் தமிழும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் ஊர் இது. 1956இன் தனிச் சிங்களச் சட்டம் தொட்டு மொழியே பூசலுக்குக் காரணமான நாட்டில், சொல்லே இல்லாத இந்த இசைக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. மூன்று கிற்றார், ஒரு ட்ரம்ஸ், நான்கு இளைஞர்கள். அவ்வளவு போதும் என்று அது காட்டியது. பெரிய இசைக்குழு வாசித்தால்தான் மரியாதை என்று நாமே சொல்லிக்கொடுத்தால், எங்கள் ஊர்ப் பையன் கிற்றாரைக் கீழே வைத்துவிடுவான்.

கௌரவிக்கிறோம் என்ற பெயரில் அவன் நுழையவேண்டிய கதவைச் சாத்தாதீர்கள்.