திராட்சைத் தோட்டத்தில் பாஸ்டர்

லூயி பாஸ்டர் என்றதும் வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்தையும், 1885ஆம் ஆண்டில் உயிர் பிழைத்த சிறுவனையும் கூறி முடித்துவிடுவது வகுப்பறை வழக்கம். அதனினும் பாடத்திற்கேற்ற நிகழ்ச்சியொன்று பிரான்சு நாட்டு ஜூரா வட்டாரத்தில், ஆர்புவா என்னும் சிற்றூரில் நடந்தது. தோல் பதனிடுபவரின் மகனாகப் பாஸ்டர் வளர்ந்த ஊர் அது. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். ஒயின் கெடுவதன் காரணத்தை 1860களில் அவர் ஆராய்ந்ததும் அங்கேதான். சிறிது சூடேற்றி அதனைக் காக்கும் முறை அவ்வாராய்ச்சியின் பயன். பாலுக்கு அது பின்னரே வந்தது.

1878இல், காலஞ்சென்ற உடலியல் அறிஞர் கிளாட் பெர்னாரின் குறிப்புகள் வெளியாயின. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் இன்றியே பழச்சாற்றில் ஆல்கஹால் உண்டாகும் என்றன அவை. பாஸ்டர் ஏட்டில் மறுப்பு எழுதுவதோடு நிற்கவில்லை. ஆர்புவாவை அடுத்த தமது சிறு தோட்டத்தில், காய்கள் பழுக்குமுன்பே சில கொடிகளைக் கண்ணாடிக் கூடங்களால் மூடினார். காய்ப் பருவத்தில் அவற்றின்மேல் ஈஸ்ட் இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார். உள்ளிருந்த குலைகள் சிலவற்றைச் சூட்டினால் தூய்மை செய்த பஞ்சினால் பொதிந்தும் வைத்தார்.

அக்டோபரில் பழங்களைப் பிழிந்தபோது, வெளிக்கொடிகளின் சாறு ஓரிரு நாளில் நுரைத்துப் பொங்கியது. பஞ்சினுள் பழுத்த குலைகளின் சாறு நொதிக்கவில்லை. கண்ணாடியினுள் பழுத்தமையால் பழமே மாறிவிட்டதோ எனச் சிலர் ஐயுறலாமன்றோ? மூடிவைத்த குலைகள் சிலவற்றை வெளியே திறந்த கொடிகளில் தொங்கவிட்டார். அவையும் பின்னர் நொதித்தன. இவ்விரண்டாம் படியே மாணவர்க்கு அழுத்திச் சொல்லத்தக்கது. பாடங்களிலோ இதுதான் விடுபட்டுப் போகிறது.

பெர்னார் முற்றும் தோற்றார் எனக் கூறுவதும் நேர்மையன்று. 1897இல் எட்வர்டு பூக்னர் என்ற ஜெர்மானியர் ஈஸ்டை அரைத்துப் பிழிந்த, உயிரணுவற்ற சாற்றினால் சர்க்கரையை நொதிக்கச் செய்தார். 1907இல் நோபெல் பரிசும் பெற்றார். உயிரின்றி நொதித்தல் இல்லை என்ற பாஸ்டரின் கொள்கை அதனால் தளர்ந்தது. ஈஸ்ட் பழத்தினுள் தானே தோன்றுவதன்று, வெளியிலிருந்தே வருவது என்ற அவரது முடிவு மட்டும் நிலைத்தது.

எங்கிருந்து வருகிறது என்பதில் வயற்பணியாளர்க்கு இன்னும் வேலையுண்டு. பழுதற்ற பழத்தின் தோலில் ஒயின் ஈஸ்ட் அரிதாகவே காணப்படுகிறது. குளவிகள் அதனைக் குடலில் சுமந்து குளிர்காலத்தைக் கடத்துகின்றன என்றும், தம் புழுக்களுக்கும் ஊட்டுகின்றன என்றும் இத்தாலிய ஆய்வாளர்கள் 2012இல் காட்டினர்.